பின்னால் நகர்ந்துகொண்டே போன நாற்காலி

என் வீட்டுக்காரன் ஷுயிமு என்னிடம் எதையோ மறைக்கிறான் என்று காட்டிக்கொடுத்தது ஒரு நாற்காலி. அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற ஆளும் இல்லை. நாற்காலிதான் வாரத்துக்கு வாரம் இடம் மாறி, "யூசூ, உன் புருஷன் போக்கு சரியில்லை, கவனி" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஜியன் ஷுயிமு என்றால் யாரோ பெரிய மனிதன் என்று நினைத்துவிடாதீர்கள். கீலுங் என்ற துறைமுக ஊரில் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ரயில் நிலையத்தில் கிளம்பி, மீன் சந்தை வழியாக ஏறி, மலைக் குடியிருப்பில் போய் நிற்கிற வண்டி. முப்பது வருடமாக அதே வழி, அதே மழை. சந்தையிலிருந்து மீன் பையோடு ஏறும் கிழவிகள் உட்கார்ந்து பையை மடியில் வைக்கும்வரை வண்டியை நகர்த்த மாட்டான். அதனால் எப்போதும் தாமதம், எப்போதும் மேலதிகாரியிடம் திட்டு. "ஏன்யா, அவங்க உக்காந்தா என்ன, நின்னா என்ன?" என்று நான் கேட்டால், "விழுந்துட்டா?" என்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

அவன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் சுரங்கக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்ததாம். இவனுக்குக் கிடைப்பது எப்போதும் முன் வரிசை ஓரம். கழுத்தை அண்ணாந்து, பாதிப் படத்தை இடது கண்ணாலும் மீதியை யூகத்தாலும் பார்த்து வளர்ந்தவன். அப்போதே முடிவு செய்துவிட்டானாம், என்றைக்காவது நமக்கென்று ஒரு திரை, நடுவில் நமக்கென்று ஓர் இடம். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்பிள்ளைகள் கார் கேட்பார்கள், வீடு கேட்பார்கள். இவன் உட்கார ஓர் இடம் கேட்டான்.

எங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அவள் தாவ்யுவான் ஊருக்குப் போனபின் அவள் அறை காலியானது. ஷுயிமுவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம்தான் எங்கள் முதுமை முழுவதும். அதை ஓட்டி முடித்தால் மாதாமாதம் ஓய்வூதியம், முடிக்காமல் நடுவில் வேலையை விட்டால் கைக்கு வருவது சொற்பம். நான் என் அக்கா பிஷியாவின் காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை அடை சுருட்டுகிறவள், என் வருமானம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரி. அதனால் எனக்கு ஒரே கவலை. இந்த மனுஷன் இரண்டு வருடம் ஒழுங்காக வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழியில் எந்தக் கிறுக்கும் பிடிக்கக் கூடாது.

முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒரு விடுமுறை நாளில், திரை வைக்கப்போகிற அந்தக் காலி அறையின் தரை முழுவதும் நீல ஒட்டுநாடா ஒட்டினான். சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகளை நாற்காலிகளுக்குப் பதிலாக வைத்தான். என்னை அதில் உட்காரவைத்து, தரையிலிருந்து என் கண்வரை அளவுநாடாவால் அளந்தான்.

"நிமிந்து உக்காரு. கடையில நிக்கற மாதிரி கூனாத."

"படம் பாக்க நிமிரணுமா? சாஞ்சு பாக்கத்தானே வீட்டுல வைக்கற?"

"அப்போ சாஞ்சுக்கோ. சாஞ்சா உன் கண்ணு எங்க வருதுன்னு பாக்கறேன். திரைக்கு நடுவும் கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கணும். இல்லேன்னா எனக்கு சின்ன வயசுல வலிச்ச மாதிரி கழுத்து வலிக்கும்."

திரை நூறு அங்குலம். சுவரில் மாட்டியதும் அறையே அதற்குள் போய்விட்டது. எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதுதான் அவனுக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. கிட்டே உட்கார்ந்தால் படம் புள்ளி புள்ளியாகப் பிரியுமாம், தள்ளி உட்கார்ந்தால் வெறும் டிவி ஆகிவிடுமாம். தலையைத் திருப்பாமலே திரை முழுவதும் கண்ணுக்குள் அடங்க வேண்டும், ஆனால் கண்ணை நிரப்பவும் வேண்டும். முக்காலியை முன்னும் பின்னும் இழுத்து, கடைசியில் பத்தடி என்று முடிவு செய்தான். இரண்டு முக்காலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

நான் மேலே பார்த்தேன்.

"ஐயோ, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? மேல பாரு!"

சரியாக எங்கள் தலைக்கு மேலே உத்தரம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கட்டடம், அறைக்கு நடுவில் கான்கிரீட் உத்தரம் ஒரு முழம் கீழே இறங்கி நிற்கும். உத்தரத்துக்குக் கீழே எங்கள் ஊரில் நாய்க்குக்கூடப் படுக்கை போட மாட்டார்கள். தலையில் பாரம் இறங்கும், தலைவலி வரும், பிழைப்பில் அடி விழும். இரண்டு வருடம் மீதி வைத்திருப்பவன் உட்காருகிற இடமா அது?

"ஆமா, நான் கவனிக்கலையே" என்றான் ஷுயிமு.

ஓரடி முன்னால் தள்ளினால் தீர்ந்தது. அப்படித்தான் நான் சொன்னேன். நாற்காலிகள் வந்ததும் என்னுடையதை ஓரடி முன்னால் வைத்தான். அவன் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பின் சுவரோடு ஒட்டி வைத்தான்.

"என்ன இது? பஸ்ல அந்நியங்க உக்கார்ற மாதிரி?"

"உத்தரம் இருக்குல்ல."

"உத்தரம் என்ன அவ்வளவு அகலமா? அதைத் தாண்ட நீ எதுக்கு ஊரைத் தாண்டற?"

"தள்ளியே இருந்துடலாம். எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் மூக்கு அப்போதே வியர்த்தது.

சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு வந்தது. கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பிஷியா அக்கா எங்களுக்குக் கீழ் மாடியில் இருப்பவள், அவளிடம் சொன்னேன். அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"அவன் செஞ்சது சரிதானேடி. உத்தரத்துக்குக் கீழ யாராவது உக்காருவாங்களா? நல்ல புத்தியுள்ளவன்."

"தாண்ட ஓரடி போதும்கா. சுவர்வரைக்கும் போயிட்டான்."

"பயந்த சுபாவம். உன்னோட இத்தனை வருஷம் இருந்தா எவனுக்குத்தான் பயம் வராது?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உத்தரம் என்று சொன்னதும் யாருமே அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கோணல் ஏற்பாட்டுக்கும் அது போதுமான காரணம். அதைத் தெரிந்துதான் அவன் அதைப் பிடித்துக்கொண்டான் என்று எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க மனதுக்கு ஒன்றும் சரியாக இல்லை. தெருவில் நடக்கும்போது ஷுயிமு தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வந்தான். குட்டைப்பாவாடை போட்ட பெண் போனாலும் திரும்பினான், மொட்டைக் கிழவன் போனாலும் திரும்பினான். கிழவனைப் பார்ப்பதெல்லாம் எனக்குக் கண்துடைப்பு என்று நினைத்தேன். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டான். "நீ பஸ்ல வா, நான் நடந்து வரேன்" என்றான். ஒரு வண்டியில் என்னோடு வருவதற்கு அவ்வளவு கசப்பு. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் நான் வைத்த சூப்புக் கிண்ணத்தை முழங்கையால் தட்டிவிட்டான். ஒரு தடவை என்றால் தவறு. அடுத்த வாரமும் தட்டினான். மீன் உருண்டைகள் தரையெல்லாம் உருண்டன.

"கோவம்னா வாயால சொல்லு. கிண்ணத்தை எதுக்குக் கவுக்கற?"

"தெரியாம பட்டுடுச்சு."

"அவ்வளவு பெரிய கிண்ணம் தெரியலையா?"

துணியை எடுத்துத் துடைத்தான். துடைத்தபின்னும் ஓரத்தில் ஓர் உருண்டை கிடந்தது, அதை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான் சும்மா இருப்பேனா? உத்தரம்தானே காரணம், அதைத் தீர்த்துவைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். உத்தரத்தின் பாரத்தை இறக்குவதற்குக் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைச் சிவப்பு நூலில் கட்டி, இரண்டு முனையிலும் தொங்கவிட வேண்டும். ஊதுபத்திப் புகையில் சுற்றி, முறையாக வாங்கிவந்து, ஸ்டூலில் ஏறி நானே மாட்டினேன். ஷுயிமு வேலை முடிந்து வந்ததும் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிவந்தேன்.

"பாத்தியா? இப்போ ஒரு தோஷமும் இல்ல. இழு நாற்காலியை முன்னாடி."

குடுக்கைகளைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. குடுக்கையைப் பார்த்து முகம் வாடுகிற மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இருக்கட்டும், யூசூ. பின்னாடி உக்காந்தா சத்தம் நல்லா இருக்கு."

"நேத்துவரைக்கும் உத்தரம். இன்னிக்குச் சத்தமா? யார் காதுல பூ சுத்தற?"

"சுத்தல" என்றான். பல் தேய்க்கப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த வாரம் நான் கடையிலிருந்து வந்தபோது அறைக்குக் கதவு இல்லை. கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். அவன் நாற்காலி அறைக்கு வெளியே வந்துவிட்டது. நடைவழியில், கழிவறைக்குப் போகிற பாதையில், ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் நாற்காலி அறைக்குள்ளே தனியாக, கோயில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் உள்ளே, அவன் வெளியே. அது மட்டுமா? அத்தனை பெரிய திரையை வாங்கிவிட்டு, படம் வீசும் கருவியில் படத்தைச் சுருக்கி, நடுவில் ஒரு சின்னச் சதுரமாக விழவைத்திருந்தான். சுற்றிலும் வெள்ளைத் துணி வீணாகக் கிடந்தது.

"ஏன்யா, டிவியிலேயே பாத்திருக்கலாமே?"

"இது கண்ணுக்கு இதமா இருக்கு."

நாற்காலி முதலில் நடுவில் இருந்தது, அப்புறம் சுவருக்குப் போனது, அப்புறம் அறையை விட்டு வெளியேறியது. அடுத்து வாசல், அதற்கடுத்து மாடிப்படி. இந்தப் போக்கில் போனால் வேலையையும் விட்டுவிட்டு ஆள் தெருவுக்கே போய்விடுவான். இரண்டு வருடம், கடவுளே, இரண்டே வருடம் என்று மாட்சு அம்மன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டேன்.

விடுமுறை நாளில் அவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதையும் கவனித்தேன். "எங்க?" என்றால், "சும்மா, துறைமுகம் பக்கம்" என்பான். ஒரு விடுமுறைக்கு அக்காவிடம் சொல்லிவிட்டுக் வேலையைப் போட்டதுபோட்டபடி விட்டுவிட்டுக் குடையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சுவரோரமாகவே நடந்தான். துறைமுகம் பக்கம் திரும்பவே இல்லை. ரயில் நிலையத்துக்குப் போய், அவன் ஓட்டுகிற அதே வழித்தடப் பேருந்தில் பயணியாக ஏறினான்.

முப்பது வருடம் ஓட்டின வழியில் விடுமுறை நாளில் சீட்டு வாங்கிப் போகிறவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வண்டி ஓட்டுகிறவள் ஒரு பெண். லியாவ் ஃபாங். ஷுயிமுவோடு ஓட்டுநராக இருப்பவள், கட்டினவனை விட்டுப் பிரிந்தவள், உதட்டுச் சாயம் போடாமல் வண்டியில் ஏற மாட்டாள். ஷுயிமு அவளுக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்து, அவளிடம் ஏதோ சொன்னான். அவளும் தலையை ஆட்டினாள். கதவு சாத்தியது, வண்டி போய்விட்டது. மழையில் நான் நின்றேன்.

"பாத்தியாக்கா? நான் சொன்னேன்ல?" என்றேன் கடைக்குத் திரும்பியதும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அக்கா அடையைத் திருப்பிப்போட்டாள். "ஷுயிமுவா? லியாவ் ஃபாங்கா? போடி. அவ ஒரு நிமிஷம் வாயை மூட மாட்டா, இவன் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டான். என்ன ஜோடி அது?"

"பேசாதவனைத்தான் நம்பக் கூடாது."

"சரி, அப்படியே இருந்தாலும் போய் நேரா கேளு. குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போலீஸ்காரி மாதிரி பின்னாடி அலையாத. அலுவலகத்துல தெரிஞ்சா அவன் வேலைக்கும் சேத்து உலை வச்சுடுவ. ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்னு நீதானே ஜபம் பண்ற?"

அதுதான் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. கேட்டால் சண்டை, சண்டை முற்றினால் வீட்டை விட்டுப் போவான், வேலையையும் விடுவான். கேட்காமல் இருந்தால் எனக்கே பைத்தியம் பிடிக்கும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஷுயிமு நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ குதிரைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். கொய்யாவை நறுக்கி, உப்புப் பிளம் பொடி தூவி, தட்டோடு சமையலறையிலிருந்து வந்தேன். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. முதலில் ஆள் கைபேசியில் யாருக்காவது எழுதுகிறானா என்று பார்க்க, சத்தம் போடாமல் அவன் வலது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

கைபேசி கையில் இல்லை. படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் நிற்கிறேன். அவன் காதுக்கு ஒரு கை தூரத்தில் தட்டோடு நிற்கிறேன். திரும்பவே இல்லை. என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறான் என்றுதான் முதலில் ஆத்திரம் வந்தது. ஒரு கொய்யாத் துண்டை எடுத்து அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டி ஆட்டினேன். அவன் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடிக்கிறவன் முகம் அப்படி இருக்காது. கண்ணிமைகூட அசையவில்லை.

துண்டை மெல்ல முன்னால் கொண்டுபோனேன். கண்ணுக்குப் பக்கம், புருவத்துக்குப் பக்கம். ஒன்றுமில்லை. மூக்குக்கு நேரே வந்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

"ஏய்! எப்போ வந்த?"

நான் பதில் சொல்லாமல் அந்தப் பக்கம் போய் இடது கையால் அதையே செய்தேன். "நேரா பாரு" என்றேன். "படத்தையே பாரு. என் விரல் தெரிஞ்சா சொல்லு." அவன் சொல்லவே இல்லை. விரல் கிட்டத்தட்ட அவன் மூக்கைத் தொட்டது. அப்போதுதான், "ம்" என்றான்.

தட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்போலேர்ந்து?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா. ஓரம் எல்லாம் போயிடுச்சு. நடுவுல மட்டும் இருக்கு, குழாய்க்குள்ள பாக்கற மாதிரி."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா எழுதிக் குடுத்துடுவார். அப்புறம் வண்டியைத் தொட விட மாட்டாங்க." அவன் கைகளைத் தொடையில் வைத்துத் தேய்த்தான். "போன வருஷம் கண் சோதனையில சுவத்துல இருந்த எழுத்தை எல்லாம் கடைசி வரிவரைக்கும் கடகடன்னு படிச்சேன், யூசூ. நேரா இருக்கறது நல்லாவே தெரியும்."

"அப்போ இந்த நாற்காலி?"

"பத்தடியில உக்காந்தா படத்துல ஆளுக்கு மூஞ்சி மட்டும்தான் இருக்கு. எதிர்ல நிக்கறவன் யாருன்னு தெரியல, தேட வேண்டியிருக்கு. சுவத்துக்குப் போனா கொஞ்சம் அடங்குச்சு. அப்புறம் அதுவும் பத்தல. இங்க வந்து, படத்தையும் சின்னதாக்கினாதான் எல்லாரும் முழுசா இருக்காங்க." அப்புறம் சொன்னான், "நீ உத்தரம்னு கத்தினப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சொல்ல ஒரு காரணம் கிடைச்சுடுச்சு."

"லியாவ் ஃபாங்?"

"லியாவ் ஃபாங்குக்கு என்ன?" என்றான் புரியாமல். நிஜமாகவே புரியவில்லை அவனுக்கு. "அவ வண்டியா? லீவு நாள்ல போய் உக்காந்து பாக்கறேன். எந்த இடத்துல எந்தப் பக்கத்துலேர்ந்து ஆள் குறுக்க வரும், எங்க தலையைத் திருப்பணும்னு மனப்பாடம் பண்றேன். கோயில்கிட்ட வலது. பள்ளிக்கூடத்துகிட்ட ரெண்டு பக்கமும். ரெண்டு வருஷம்தானே. திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டிடுவேன்."

ரெண்டு வருஷம்தானே. என் வாயிலிருந்து தினமும் வந்த சொல். அதை அவன் சொல்லிக் கேட்டபோது என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஒரு நிமிடம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானும் கணக்குப் போட்டேன். நேராகத் தெரிகிறதே, வழி மனப்பாடமாக இருக்கிறதே, யாருக்கும் தெரியாதே என்று.

"இதுவரைக்கும் ஒன்னும் ஆகலையா?" என்று கேட்டேன். ஆகவில்லை என்று சொல்லிவிட மாட்டானா என்றுதான் கேட்டேன்.

திரையில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"போன வாரம்," என்றான். "பள்ளிக்கூட நிறுத்தம். வண்டியை எடுக்கறேன். பின்னாடி ஒரு அம்மா கத்தினாங்க. மிதிச்சு நிறுத்தினேன். இறங்கிப் பாத்தா முன் சக்கரத்துகிட்ட ஒரு பொண்ணு. மஞ்சள் மழைக்கோட்டு. கீழ விழுந்த தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டிருந்தா. என்னைப் பாத்து, 'சாரி தாத்தா'ன்னா. மஞ்சள் கோட்டு, யூசூ. பளிச்சுன்னு மஞ்சள். எனக்கு அது இல்லவே இல்ல."

"அதுக்கப்புறமும் ஓட்டினியா?"

"ஓட்டினேன்."

"இன்னிக்குவரைக்கும்?"

"நேத்துவரைக்கும்."

"படம் அடங்கலேன்னா நீ நாற்காலியைத் தள்ளிக்கலாம், ஷுயிமு. பஸ்ஸுல எங்க தள்ளுவ? பின் சீட்டுல போய் உக்காந்து ஓட்டுவியா?"

நான் கத்தினது கீழே அக்கா வீட்டுக்கே கேட்டிருக்கும். அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். முப்பது வருடத்தில் இவன் அழுது நான் பார்த்தது அவன் அப்பாவின் சாவில் மட்டும்தான். இப்போது சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. "கிழவிங்க எல்லாரும் உக்காந்தாச்சான்னு பாத்துட்டுத்தான் எடுப்பேன். அதுல தப்பவே மாட்டேன். உள்ள இருக்கறவங்களை அவ்வளவு பாத்தேன்" என்றான். அவனுக்கு நான் என்ன சொல்ல? எழுந்து அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். திருட்டுப்பயலே, திருட்டுப்பயலே என்று திட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் அடங்கியபின் அவனே சொன்னான். "நாளைக்குக் காலைல முதல் வண்டி எனக்கு."

"தெரியும்."

"ரெண்டு வருஷம் போயிடும்."

"தெரியும்னு சொன்னேன்ல."

சமையல் ஏப்ரன் பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பார்த்தான் என்றுதான் நினைத்தேன், ஆனால் எதைப் பார்க்கிறான் என்று எனக்கு இனிமேல் எப்படித் தெரியும்? என் மூக்கையா, ஒரு கண்ணையா?

"இங்க நிக்கறேனே, நான் எவ்வளவு தெரியறேன்?"

"வாயும் மூக்கும்."

அறைக்குள் நடந்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று திரும்பினேன். "இப்போ?"

"இடுப்புவரைக்கும். இன்னும் கொஞ்சம் பின்னாடி போ."

பின்னால் போனேன். முதுகில் திரைத் துணி பட்டது. குதிரைகளும் புழுதியும் என் சட்டைமேல் ஓடின. வெளிச்சத்தில் கண் கூசியது, நடைவழியில் அவன் ஒரு நிழலாகத்தான் தெரிந்தான்.

"ம்" என்றான் அங்கிருந்து. "இப்போ முழுசா இருக்க."

அங்கேயே நின்று பணிமனைக்கு அழைத்தேன். வண்டிகளுக்கு ஆள் போடுகிற பையன் எடுத்தான். பின்னால் ஒரே சத்தம், யாரோ டிபன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஜியன் ஷுயிமுவோட சம்சாரம் பேசறேன். நாளைக்குக் காலைல அவன் வண்டிக்கு வேற ஆள் போடு, தம்பி."

"ஏன் அக்கா, காய்ச்சலா? எத்தனை நாளைக்கு லீவுன்னு எழுதட்டும்?"

கைபேசியின் சத்தம் அந்தச் சின்ன வீட்டில் அவனுக்கும் கேட்டிருக்கும். நடைவழியிலிருந்து ஷுயிமு பேசினான், நிறுத்தம் பெயரைச் சொல்கிற அதே குரலில்.

"இனிமே வர மாட்டான்னு சொல்லு, யூசூ."

சொன்னேன்.